புள்ளியும் பதிப்பும்: வலைப்பதிவு மென்பொருள் மேம்பாட்டு வரலாற்றில் தமிழெழுத்து

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் எழுத்தின் வடிவத்தை மட்டுமன்றி, அது எதன்மேல் எழுதப்பட்டது, எத்தனை முறை பெயர்த்தெழுதப்பட்டது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். கல்லில் வெட்டியது கல் உள்ளவரை நிற்கும். ஓலையில் எழுதியது சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலைக்கு மாறியாக வேண்டும்; மாற்றாவிடின் செல்லரித்து அழியும். மாற்றும்போதோ எழுதுவோன் கைப்பட்டுப் பாடம் திரியும். ஆகவே பெயர்த்தெழுதுதல் என்பது நூலைக் காக்கும் வழியாகவும் நூலுக்கு ஊறு நேரும் வாயிலாகவும் ஒருங்கே இருந்து வந்துள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் ஏடுகள் இறந்துபடுவதையிட்டுப் பட்ட துயரத்தைத் தமிழ் பயில்வோர் அறிவர். அவர் காலத்துச் சிக்கல் அச்சியந்திரத்தோடு தீர்ந்துவிட்டதென்று நாம் எண்ணியிருந்தோம். 2000ஆம் ஆண்டுகளில் அது வேறு உருவில் மீண்டும் தலைகாட்டியது. வலைப்பதிவுகளை இயக்கிய மென்பொருளை வாடகை வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகையினூடாகப் புதிய பதிப்பிற்கு மேம்படுத்துகையில் தமிழெழுத்துக்கு நேர்ந்தவற்றையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

இத்தகைய பொருள் வரலாற்றாய்வுக்கு உரியதோ எனச் சிலர் ஐயுறலாம். 2003ஆம் ஆண்டளவிலே தமிழில் வலைப்பதிவுகள் தோன்றின. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி அவற்றை ஓரிடத்திற் காட்டியது. 2009 ஓகஸ்டில் இலங்கைத் தமிழ் வலைப்பதிவர் கொழும்பில் ஒன்றுகூடினர். இவ்வாண்டுகள் இலங்கைத் தமிழர் வாழ்விலே எத்தகைய ஆண்டுகள் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அச்சேடுகள் அச்சிடத் தயங்கியவற்றையும், அச்சேறும் வாய்ப்பே இல்லாத இளைஞரின் எழுத்தையும் அவ்வலைப்பதிவுகள் தாங்கியிருந்தன. நாளை அக்காலத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு அவை மூலச் சான்றுகள். மூலச் சான்று எவ்வாறு சிதைந்தது என்பதை ஆராய்தல் வரலாற்று மாணவனின் முதற் கடன்களுள் ஒன்று.

வலைப்பதிவருள் பெரும்பாலோர் 1999இற் பைரா லாப்ஸ் தொடங்கி 2003இற் கூகிள் வாங்கிய புளொகர் என்னும் இலவச சேவையிலே எழுதினர். அவர்களுக்கு மேம்படுத்தல் என்னும் கவலை இல்லை. நிறுவனமே அதனைப் பார்த்துக்கொண்டது. தமக்கெனத் தனிப்பெயரும் தனியிடமும் வேண்டியோர் வெளிநாட்டு வழங்கிகளில் இடம் வாடகைக்குப் பெற்று, அங்கு வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவினர். அம்மென்பொருள், 2001இல் மிஷேல் வல்திரிகி தொடங்கிய பீ2 என்பதன் கிளையாக, மற் முலன்வெக், மைக் லிற்றில் ஆகிய இருவரால் 2003 மே 27ஆந் திகதி முதன்முதலாக வெளியிடப்பட்டது. வழங்கியை ஆள்வதற்கு வாடகையாளருக்குக் கொடுக்கப்பட்ட கருவி பெரும்பாலும் சி-பனல் என்னும் கட்டுப்பாட்டுப் பலகை ஆகும். அதனை 1996இல் அமெரிக்காவில் நிக் கொஸ்ரன் என்னும் இளைஞர் உருவாக்கினார். அதுவரை கட்டளை வரிகளைக் கற்றோர் மட்டுமே செய்யக்கூடியதாயிருந்த பணிகளைப் படங்களை அழுத்திச் செய்யும் வசதியை அது அளித்தது. அப்பலகையினுள் ஃபன்டாஸ்டிகோ என்னும் நிறுவுகருவி இருந்தது. மென்பொருளை நிறுவவும் பின்னர் மேம்படுத்தவும் அதில் ஓர் அழுத்தம் போதும்.

இந்த ஓரழுத்த வசதியின் அருமை, அந்நாளிற் கண்டியிலோ மலையகத்திலோ தொலைபேசிக் கம்பிவழி இணையத்தை எட்டியோருக்கே முற்றாக விளங்கும். கைப்பட மேம்படுத்துவதாயின், புதிய பொதியை முதலிலே தம் கணனிக்கு இறக்கி, விரித்து, நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் கடல் கடந்த வழங்கிக்கு ஏற்றுதல் வேண்டும். தொலைபேசிக் கம்பியின் உச்ச வேகமோ செக்கனுக்கு 56 கிலோபிற்று; ஏற்றும் திசையில் அதனினும் குறைவு. இடையில் இணைப்பு அறுமாயின் பாதி புதியதும் பாதி பழையதுமான மென்பொருள் எஞ்சும். தளம் வெண்திரையாகி நிற்கும். கட்டுப்பாட்டுப் பலகை வழியே செய்கையில் பொதி வழங்கியிலேயே விரிக்கப்படும். இங்கிருந்து செல்வது ஒரு கட்டளை மட்டுமே. (பல்கலைக்கழகத்துள் இருந்தோரின் நிலை சற்று வேறு. 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சலோடு தொடங்கி வளர்ந்த இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களை இணைத்தது. அதன் அலுவலகம் பேராதனையில் உள்ளது.)

மேம்படுத்தாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்போர் அன்று பலர் இருந்தனர். 2009 செப்ரெம்பரில் அதற்கு விடை கிடைத்தது. மேம்படுத்தப்படாத பழைய வேர்ட்பிரஸ் தளங்களை ஒரு புழுநிரல் தாக்கியது. அது கண்ணுக்குத் தெரியாத நிருவாகி ஒருவரைத் தளத்தினுள் உண்டாக்கிக்கொண்டு, பழைய பதிவுகளினுள்ளே வேண்டாத இணைப்புகளைச் செருகியது. ஏடு பெயர்த்தெழுதாதவன் ஏட்டைச் செல்லுக்குக் கொடுத்தவாறாயிற்று. ஆனால் புதுமைக்கு விரைந்தோருக்கும் காப்பில்லை என்பதை 2007 மார்ச் மாத நிகழ்ச்சி உணர்த்தியது. அப்போது 2.1.1 என்னும் பதிப்பின் பொதியையே ஊடுருவியோர் மாற்றிவைத்திருந்தமை கண்டறியப்பட்டு, 2.1.2 பதிப்பு அவசரமாக வெளியிடப்பட்டது.

இனி, தமிழுக்கே உரிய இடரை நோக்குவோம். வேர்ட்பிரஸ் பதிவுகளைக் கோப்புகளில் வைப்பதில்லை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் வைக்கின்றது. அத்தரவுத்தளம் சுவீடனிற் பிறந்தது. 2004 ஒக்ரோபரிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அதன் 4.1 பதிப்பு, ஒவ்வொரு அட்டவணைக்கும் அதன் எழுத்து எந்தக் குறிமுறையைச் சேர்ந்தது என்று பெயர் சூட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எவரும் எதுவும் கூறாவிடின் அது தானாகச் சூட்டிய பெயர் இலத்தீன் 1. அகரவரிசை சுவீடிய மொழிக்குரியது. தமிழ்ப் பதிவர் ஒருங்குறியிலே எழுதினர். ஒருங்குறியின் எட்டுப்பிற்று வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுகள் தேவை. அம்மூன்றையும் தரவுத்தளம் மூன்று மேனாட்டு எழுத்துகள் எனக் கருதிப் பெற்றுக்கொண்டது. கேட்டபோது அம்மூன்றையும் அவ்வாறே திருப்பிக் கொடுத்தது. உலாவி அவற்றைத் தமிழாகக் காட்டியது. பேழையின்மேல் 'சுவீடியம்' என்று எழுதியிருந்தது. உள்ளே தமிழ் இருந்தது. பேழையைத் திறந்து எவரும் மொழிபெயர்க்க முற்படாதவரை இத்தவறான பெயரால் ஒரு தீங்கும் விளையவில்லை.

2007 மே மாதத்தில் வெளிவந்த 2.2 பதிப்பு இவ்வமைதியைக் குலைத்தது. அதன் நோக்கம் நல்லதே. தரவுத்தளத்தோடு பேசுகையில் எந்தக் குறிமுறையிற் பேசுவது என்பதை அமைப்புக்கோப்பில் வெளிப்படையாக எழுதும் முறையை அது புகுத்தியது. பழைய அமைப்புக்கோப்பை அப்படியே வைத்திருந்தோருக்கு எதுவும் நேரவில்லை. புதிய மாதிரியைப் பார்த்துக் கோப்பைத் திருத்தியோரும், பலகையின் கருவி புதிதாக எழுதிய கோப்பைப் பெற்றோரும் மறுநாள் தம் தளத்தைத் திறந்தபோது தமிழைக் காணவில்லை. தலையிற் சாய்கோடு இட்ட உரோம எழுத்தொன்றும், வட்டத்துள் ஆர் என்னும் வணிகப் பதிவுக் குறியும், மேற்கோடுகளுமாகப் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தது. தரவுத்தளம் இப்போது பேழையின் பெயரை நம்பி, சுவீடியத்தை ஒருங்குறிக்கு 'மொழிபெயர்த்து' அனுப்பத் தொடங்கியிருந்தது.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதியோர் இதனை ஏறக்குறைய உணரவேயில்லை. அடிப்படை உரோம எழுத்துகள் இரு குறிமுறையிலும் ஒன்றே. பிரெஞ்சு, செருமன் எழுதியோருக்கு ஆங்காங்கே சில எழுத்துகள் பிழைத்தன; வாசகர் ஊகித்துப் படிக்கலாம். தமிழில் எழுதியோருக்கோ ஓர் எழுத்தும் எஞ்சவில்லை. ஒரே மேம்பாடு, ஒரே அழுத்தம். விளைவு மட்டும் மொழிக்கு மொழி வேறுபட்டது. தொழில்நுட்பம் எல்லா மொழிக்கும் பொதுவானது என்னும் கூற்றை யான் ஏற்கத் தயங்குவது இதனாலேயே.

உண்மையில் இந்நிலையில் எதுவும் அழியவில்லை. பேழையுள் தமிழ் பழுதின்றி இருந்தது. அமைப்புக்கோப்பின் அந்த ஒரு வரியை வெறுமையாக்கினால் தமிழ் மீண்டுவிடும். அழிவு நேர்ந்தது பழுது பார்க்கப் புகுந்தபோதுதான். அட்டவணையைக் குறிமுறை மாற்றும் கட்டளையை நேரே கொடுத்தோர், சுவீடியமெனக் கருதப்பட்டதை உண்மையிலேயே பெயர்த்து எழுதிவிட்டனர். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்றாயிருந்த பைற்றுகள் ஆறாகவும் ஏழாகவும் பெருகின. சரியான முறை வேறு: அட்டவணையின் நிரலை முதலில் எம்மொழியும் அல்லாத வெறும் இருமத் தொகுதி என அறிவித்து, அதன்பின் அதனை ஒருங்குறி என அறிவித்தல். பைற்றுகளைத் தீண்டாது பெயரை மட்டும் திருத்துதல் என்க. நல்ல பதிப்பாசிரியன் ஏட்டிலுள்ள பாடத்தைத் தன் ஊகத்தால் திருத்தாது முதலில் உள்ளவாறே எழுதிக்கொள்வதை இம்முறை ஒத்திருக்கின்றது.

வேறு சிலர் சிதைந்த பக்கத்தையே தம் கணனியிற் படியெடுத்து, எழுத்துச் செயலி ஒன்றில் ஒட்டி, அங்கிருந்து தமிழை மீட்க முயன்றனர். இங்கேதான் வரலாற்று மாணவனை வியக்கவைக்கும் செய்தியொன்று உளது. விண்டோசின் மேலையைரோப்பியக் குறிமுறையில் ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். அவற்றுக்கு எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. செயலிகள் பல அவ்விடத்துப் பைற்றுகளை வினாக்குறியாக்கும், அன்றி விட்டுவிடும். தமிழ்க் குறிகளுள் எவற்றின் மூன்றாம் பைற்று இவ்வெற்றிடங்களில் விழுகின்றது என்று கணக்கிட்டுப் பார்த்தால், மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவை எனத் தெரியவரும். ஆகவே இவ்வாறு மீட்கப்பட்ட உரையிலே புள்ளிகள் இல்லை. 'கண்டி' என்பது 'கணடி' ஆயிற்று. இடையில் ஒரு வினாக்குறி நின்றாலும் நிற்கும்.

மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஆயினும் ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் அதனை விட்டெழுதினர். இடைக்காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. பேராதனையிலிருந்து சில மைல் தொலைவில், இலங்காதிலக விகாரைப் பாறையில், 14ஆம் நூற்றாண்டுச் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. அதுபோன்ற சாசனங்களைப் படித்துப் பழகிய மாணவன், எம்மெய் உயிர்மெய் என இடம் நோக்கி உணரும் பயிற்சியுடையவன். சிதைந்த வலைப்பதிவை மீட்போனுக்கும் வேண்டுவது அதே பயிற்சிதான். ஓலையின் மென்மையால் ஒருமுறை தொலைந்த புள்ளி, அறுநூறு ஆண்டுகளின்பின் அயல்மொழிக் குறிமுறையின் வெற்றிடத்தில் மறுபடி தொலைந்தது.

மேம்பாட்டின் ஏனைய சேதங்கள் இத்துணைப் பெரியன அல்ல. மென்பொருளோடு வரும் தோற்றக் கோப்புகளில் நேரடியாகவே தமிழ்ச் சொற்களை எழுதிவைத்தோரின் உழைப்பு, புதிய கோப்புகள் மேலெழுதப்பட்டபோது மறைந்தது. கருவி மேம்படுத்துமுன் பழையதன் பிரதியொன்றைத் தனி அடைவிலே சேமித்துவைத்தது உண்மை. அவ்வடைவு இருப்பதை அறியாதவருக்கு அதனாற் பயனில்லை. தமிழ்த் தலைப்பைக் கொண்டு அமையும் முகவரிகளின் கதை வேறொன்று. முகவரியில் ஒரு தமிழ்க் குறி ஒன்பது உரோமக் குறிகளாக விரியும். தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட நீளமோ 200. எனவே 22 குறிகளோடு தமிழ் முகவரி துண்டிக்கப்பட்டுவிடும். நீண்ட தலைப்பிடும் நம்மவர் வழக்கத்தை அமெரிக்க இளைஞர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

2008 டிசெம்பரில் வந்த 2.7 பதிப்பு மேம்படுத்தும் வசதியை மென்பொருளின் உள்ளேயே அமைத்தது. 2013 ஒக்ரோபரில் வந்த 3.7 பதிப்பு, சிறு மேம்பாடுகள் உரியவரைக் கேளாமலே தாமாக நிகழும்படி செய்தது. கட்டுப்பாட்டுப் பலகையின் முதன்மை இவ்வாறு குறைந்தது. மொழிபெயர்ப்புகளும் சேர்ந்தன, 'தமிழ்' என ஒன்றும் 'தமிழ் (இலங்கை)' என ஒன்றும் வேர்ட்பிரஸ் மொழிப் பட்டியலில் இன்று தனித்தனியே உள்ளன.

2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பு அட்டவணைகளை நான்கு பைற்றுக் குறிமுறைக்கு மாற்றியபோது, தமிழுக்கு இதனால் ஆவதொன்றுமில்லை, சிரிப்புமுகக் குறிகளுக்கே இது வேண்டும் எனப் பலர் கருதினர். அப்போது அது சரியே. ஆனால் 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறியின் 12.0 பதிப்பிலே, முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நில, நாணய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் தமிழுக்கெனப் புதிய தொகுதியொன்றிற் சேர்க்கப்பட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைற்றுகள் தேவை. முந்திரி 1/320, காணி 1/80. சாசனங்களிலும் பழங்கணக்கேடுகளிலும் வரும் இக்குறிகளைத் தன் பதிவில் எழுத விரும்பும் வரலாற்று மாணவன், தன் தளத்தின் அட்டவணைகள் 2015இற்கு முந்திய மூன்று பைற்று நிலையிலேயே நின்றுவிட்டனவா என்பதை முதலிற் பார்த்துக்கொள்ளுதல் நன்று. அந்நிலையிலுள்ள அட்டவணை காணி என்னும் குறியை ஏற்காது; பழைய வழங்கிகள் சிலவற்றில், அக்குறி வந்த இடத்தோடு எஞ்சிய கட்டுரை முழுவதும் வெட்டுண்டு போகும்.