காரணம் சொல்லும் கடமை: நியூசிலாந்தில் காவல்துறைச் சோதனை அதிகாரம், 1976–2022

ஆக்லாந்தின் மேற்கே, 16, 18ஆம் எண் மாநில நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தை ஒட்டியது வெஸ்ட்கேட். அங்கே ஒரு காரைப் போலீஸ் நிறுத்த, ஓட்டுநர்மீது சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. போக்குவரத்துச் சட்டத்தைச் செயல்படுத்துவதற்காக நிறுத்தலாம் என்கிறது 1998ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்துச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. ஆனால் அதே காரின் டிக்கியைத் திறந்து பார்க்க இந்த அதிகாரம் போதாது. நிறுத்துவதற்கும் சோதிப்பதற்கும் இடையிலான இந்த எல்லை பெரும்பாலும் அத்துமீறல்களுக்குப் பிறகே எழுத்தில் தெளிவாகியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1976 அக்டோபரில் ஆக்லாந்து தெருக்களில் பசிபிக் தீவு மக்களை நிறுத்தி, குடியேற்ற ஆவணங்களைக் கேட்டது போலீஸ். 1974 முதலே அவர்களின் வீடுகளில் விடியற்காலைச் சோதனைகள் நடந்துவந்தன. செயலைவிடத் தோற்றமே சோதனைக்குக் காரணமானது. இதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021 ஆகஸ்ட் 1 அன்று, ஆக்லாந்து நகர மண்டபத்தில், பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் வாயிலாக.

1990ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பை 21ஆம் பிரிவில் வைத்தது. தன்னிச்சையான தடுத்துவைப்பை 22ஆம் பிரிவு தடுத்தது. தடுத்துவைக்கப்பட்டவருக்குக் காரணம் அறியவும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் 23ஆம் பிரிவு உரிமை தந்தது. முகவரி தவறிய வாரண்டுடன் ஒரு வீட்டைச் சோதித்ததால் எழுந்த பெய்ஜென்ட் வழக்கில், உரிமை மீறலுக்கு அரசு இழப்பீடு தரவேண்டிவரும் என 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் 2007 அக்டோபர் 15 அன்று, ஊரேவேரா மலைப்பகுதியில் ஆயுதப் பயிற்சி நடப்பதாகச் சந்தேகித்து நடத்திய நடவடிக்கையின்போது, ரூவாடோகி, டனேயாடூவா பகுதிகளில் சாலைத் தடுப்புகள் அமைத்து வாகனங்களை நிறுத்தியது போலீஸ். ஓட்டுநர்களைப் படமும் எடுத்தது. அத்தடுப்புகள் சட்டவிரோதம் என்று காவல்துறை நடத்தைக்கான சுயாதீன ஆணையம் கூறியது 2013இல்தான். அதே நடவடிக்கையில் பயன்பட்ட மறைகேமராவுக்குச் சட்ட அனுமதி இல்லை என 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதோ, அடுத்த மாதமே நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் இயற்றி வழிவிட்டது. அதிகாரத்துக்கு வாரங்கள் போதும். உரிமைக்கு ஆண்டுகள் பிடிக்கின்றன.

சிதறிக் கிடந்த அதிகாரங்கள் பலவற்றைத் தொகுத்தது 2012ஆம் ஆண்டின் சோதனை, கண்காணிப்புச் சட்டம். அதன் 20ஆம் பிரிவின்படி, வாரண்ட் இல்லாமல் போதைப்பொருளுக்காகக் காரைச் சோதிக்க, பொருள் உள்ளே இருப்பதாகவும் வாரண்ட் பெறுவது நடைமுறையில் இயலாது என்றும் நம்ப நியாயமான ஆதாரம் வேண்டும். சோதிப்பவர் பொதுவாகத் தன் அடையாளத்தையும், எந்தச் சட்டத்தின்படி, என்ன காரணத்துக்காகச் சோதிக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்மதத்தின் பேரில் சோதிப்பதானால், மறுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சோதனை சட்டவிரோதம்.

இப்பாதுகாப்புக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, சட்டவிரோதமாகக் கிடைத்த சான்று தானாகவே விலகிவிடாது. 2006ஆம் ஆண்டின் சான்றுச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி நீதிபதி எடைபோட்டே முடிவெடுப்பார். இரண்டாவது, உரிமைகள் சட்டம் சாதாரணச் சட்டமே. அதற்கு முரணான சட்டத்தை நியூசிலாந்து நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது. இந்தியாவின் நிலை வேறு: கைது செய்யும் போலீஸார் பெயரும் பதவியும் தெரியும்படி அணிய வேண்டும் என 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றமே விதிக்க முடிந்தது, அரசியலமைப்பு அதற்குத் துணை நின்றதால்.

இளைஞர்களை, குறிப்பாக மாவோரி இளைஞர்களை, போலீஸ் படமெடுத்துச் சேமித்துவந்ததில் சட்டமீறல்கள் இருந்ததை 2022 செப்டம்பரில் வெளியான கூட்டு விசாரணை அறிக்கை காட்டியது. சோதனைக்குக் காரணம் செயலா, தோற்றமா என்ற 1976இன் கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆகவே நடைமுறையில் உரிமையின் பெரும்பங்கு சாலையோர உரையாடலிலேயே தங்கியிருக்கிறது. இலங்கையின் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த தமிழருக்கு, சீருடையிடம் காரணம் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவதாகத் தோன்றலாம். நியூசிலாந்துச் சட்டம் அந்தப் பதிலைப் போலீஸின் கடமையாக்கியிருக்கிறது. மறுக்கலாம் என்று தெரியாமல் தலையாட்டுபவருக்கு அந்தக் கடமையால் பயன் குறைவு. அந்த அறிவைக் குடியேறியோரிடம் கொண்டுசேர்ப்பது புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல.