தானே வந்து சேரும் செலுத்திகள்: லினக்ஸ் கருநிரல் வரலாற்றில் ஓர் இயல்

ஒரு பொறி பழுதுற்றவிடத்து அதனைத் திருத்தப் புகுவோர் பெரும்பாலும் அதன் இன்றைய அமைப்பையே நோக்குவர். அவ்வமைப்பு எவ்வாறு வளர்ந்து வந்தது என நோக்குவோர் சிலரே. ஆயினும், படிப்படியாக வளர்ந்த பொறியொன்றிலே தோன்றும் பழுதுகள் பெரும்பாலும் அவ்வளர்ச்சியின் ஏதோ ஒரு படியிலே வேர்கொண்டிருத்தலைக் காணலாம். இதற்கு லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமையின் கருநிரல் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். வேண்டிய செலுத்திகளை வேண்டியபோது தானே அழைத்துக்கொள்ளும் ஆற்றல் அக்கருநிரலுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதையும், அவ்வாற்றல் தவறுமிடத்துக் காரணத்தை எவ்வாறு துணியலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனியின் வன்பொருளுக்கும் அதன்மேல் இயங்கும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆள்வது கருநிரல். வட்டு, வலையட்டை, விசைப்பலகை முதலிய சாதனங்களோடு பேசுதற்குரிய அதன் பகுதிகள் செலுத்திகள் எனப்படும். 1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலில் செலுத்திகள் யாவும் ஒரே தொகுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தன. இவ்வமைப்பு பழைமைப்பட்டதென்றும், கருநிரல் சிறிதாயிருக்கச் செலுத்திகள் அதற்குப் புறத்தே தனித்தியங்குவதே முறையென்றும் 1992 இல் பேராசிரியர் அண்ட்ரூ தனன்போம் கண்டித்தார். தோவால்ட்ஸ் அதற்கு உடன்பட்டிலர். எனினும், எல்லாச் செலுத்திகளையும் உட்கொண்ட கருநிரல் நினைவகத்தை வீணே நிரப்பும். சிலவற்றை விலக்கினாலோ, புதிய அட்டை ஒன்று பொருத்தப்படுந்தோறும் கருநிரலையே மீளத் தொகுத்தல் வேண்டும்.

இவ்விடர்ப்பாட்டினின்றும் தோன்றிய நடுவழியே மொடியூல் என வழங்கும் ஏற்றற்கூறு. கருநிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதனோடு இணைக்கவும், பயன் முடிந்தபின் நீக்கவும் தக்க துண்டு அது. இணைந்தபின் கருநிரலின் உறுப்பாகவே அஃது இயங்குமாதலின், தோவால்ட்ஸின் கொள்கைக்கும் பங்கம் நேரவில்லை. 1995 மார்ச்சில் 1.2 ஆம் பதிப்பு வெளிவந்த காலத்தில் இம்முறை வழக்கிலிருந்தது. ஆனால் அப்பொழுது கூறுகளை இன்ஸ்மொட் என்னும் கட்டளையால் மனிதரே ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு கூறு மற்றொன்றைச் சார்ந்திருப்பின், சார்பாகிய அதனை முன்னரே ஏற்றாதவிடத்து இணைப்பு நிகழாது. இச்சார்புகளை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக்க டெப்மொட் என்பதும், அவ்வட்டவணைப்படி முறையாக ஏற்ற மொட்புறோப் என்பதும் அமைந்தன.

1996 ஜூனில் வெளிவந்த 2.0 ஆம் பதிப்போடு தானியக்க முறை பரவலாயிற்று. பியோர்ன் எக்வால், சாக் செலினா ஆகிய இருவரும் ஆக்கிய கேர்ணெல்டி என்னும் பின்னணி நிரல் கருநிரலின் வேண்டுகோளுக்குக் காத்திருக்கும். நெகிழ்வட்டைத் திறக்க ஒருவர் முயன்றால், அச்சாதன வகைக்குரிய 2 என்னும் முதன்மையெண்ணைக் கொண்ட பெயரொன்றைக் கருநிரல் அதற்கு அனுப்பும். அப்பெயருக்குரிய கூறு எதுவென அமைவுக் கோப்பிலே கண்டு கேர்ணெல்டி ஏற்றுவிக்கும். இம்முறையின் குறை வெளிப்படையானது: காத்திருக்கும் நிரல் இயங்காவிடில் வேண்டுகோளைக் கேட்பார் எவருமிலர். ஆதலின் 1999 ஜனவரியில் வந்த 2.2 ஆம் பதிப்பில் கேர்ணெல்டி கைவிடப்பட்டது. அதனிடத்தைப் பெற்ற கேமொட் என்னும் உட்பகுதி, வேண்டும்போது மொட்புறோப்பைத் தானே நேராக இயக்கியது.

இவ்விரு முறைகளிலும் ஒரு பொதுமை உண்டு. யாரேனும் ஒரு நிரல் சாதனத்தைத் தேடி வந்த பின்னரே கருநிரல் கூற்றைத் தேடியது. யூ.எஸ்.பி. சாதனங்கள் பெருகியபோது இந்நிலை போதாதாயிற்று. பொருத்தியவுடனே சாதனம் தன்னை அறிவித்தல் வேண்டும். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 ஆம் பதிப்பில், சாதனம் பொருந்திய செய்தியைக் கருநிரல் ஹொட்பிளக் என்னும் நிரலுக்கு அறிவித்தது. ஒவ்வொரு செலுத்தியும் தான் ஆளவல்ல சாதனங்களின் எண்களைத் தன்னுள்ளேயே பொறித்துவைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 2002 இல் றஸ்ரி றசல் கூறேற்றும் பகுதியைக் கருநிரலினுள்ளேயே புதிதாக அமைத்தார்; அது 2003 டிசம்பரில் 2.6 ஆம் பதிப்பாக வெளிப்பட்டது. அதே 2003 இல் கிரெக் குறோ-ஹார்ட்மன் யூடெவ் என்னும் நிரலைத் தொடங்கினார்.

இன்றுவரை நிலைத்துள்ள ஒழுங்கு இவற்றிலிருந்து உருவானதேயாம். பி.சி.ஐ. வலையட்டை ஒன்றில் ஆக்கியோர் எண் 8086 எனவும் சாதன எண் 1533 எனவும் இருப்பதாகக் கொள்வோம். முன்னது இன்ரெல் நிறுவனத்தையும் பின்னது அதன் வலையட்டை வகை ஒன்றையும் குறிக்கும். கருநிரல் இவ்வெண்களைக் கோத்து மொட்அலியஸ் என்னும் மாற்றுப் பெயராக அறிவிக்கும். யூடெவ் அதனைக் கேட்டு, டெப்மொட் ஆக்கிய அட்டவணையிலே ஒப்பிட்டு, ஐ.ஜி.பி. என்னும் கூற்றை ஏற்றுவிக்கும். அறிவித்தல், ஒப்பிடல், ஏற்றல், பற்றுதல் என நான்கு படிகள் இதனுள் அடங்கும். வட்டு தன்னும் இப்படிகளாலேயே அறியப்படுமாதலின், அதற்குரிய கூறு தொடக்க நினைவகப் படிமத்திலே முன்னரே வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் முறைமை எழும்பவே மாட்டாது.

இனி, பழுதை நாடும் வழியைக் காண்போம். மேற்கூறிய நான்கு படிகளையும் வரிசையாகச் சோதித்தலே அவ்வழி. முதலாவதாக, சாதனம் பட்டியலிலே தோன்றுகிறதா என எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையால் நோக்குக. தோன்றாவிடில் குற்றம் செலுத்தியில் அன்று. வன்பொருளிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. இரண்டாவதாக, அட்டவணை இயங்கும் கருநிரலுக்குரியதா என நோக்குக. கூறுகள் பதிப்புக்கொன்றாகத் தனித்தனி அடைவுகளில் வைக்கப்படும். கருநிரலைப் புதுப்பித்தபின் கணனியை மீளத் தொடக்காதவிடத்து, இயங்குவது பழைய கருநிரலாகவும் எஞ்சியிருப்பது புதிய அடைவாகவும் இருத்தல் கூடும். அப்பொழுது, இன்னும் ஏற்றப்படாத கூற்றை வேண்டிநிற்கும் புதிய சாதனம் ஏற்கப்படாது. பலர் இதனைச் சாதனத்தின் பழுதெனக் கருதி மயங்குவர்.

மூன்றாவதாக, கூற்றை அதன் பெயரால் மொட்புறோப் கொண்டு கையால் ஏற்றிப் பார்க்க. ஏறுமாயின் கூறு நல்லதே. குற்றம் அழைக்கும் வழியில் உள்ளது. ஈண்டு நுட்பமொன்று நோக்கற்பாலது. அமைவுக் கோப்பில் விலக்குப் பட்டியலிடப்பட்ட கூறு, மாற்றுப் பெயரால் அழைக்கப்படும்போது மட்டுமே விலக்கப்படும். தன் சொந்தப் பெயரால் அழைத்தால் ஏறிவிடும். ஆதலின் கையால் ஏறித் தானாக ஏறாத கூற்றுக்கு விலக்குப் பட்டியலே முதற்கண் ஐயுறத்தக்கது. கையாலும் ஏறாவிடில், கருநிரலின் குறிப்பேட்டைப் படித்தல் வேண்டும். பதிப்பு ஒவ்வாமை, சார்புக் கூறு இன்மை, கையொப்பம் ஏற்கப்படாமை ஆகியவை அங்கே வெவ்வேறாகப் பதியப்பட்டிருக்கும். கையொப்பச் சோதனை 2012 டிசம்பரில் வந்த 3.7 ஆம் பதிப்பில் சேர்ந்தது. பழைய வழிகாட்டிகளில் அதனைக் காணவியலாது. நான்காவதாக, கூறு ஏறியும் சாதனம் இயங்காவிடில், சாதனத்துக்குரிய உள்நிரற் கோப்பு இல்லாமையோ, வேறொரு செலுத்தி சாதனத்தை முன்னரே பற்றியிருத்தலோ காரணமாகலாம்.

தானியக்கம் தரும் வசதி விலையின்றி வந்ததன்று. வலையை ஆளும் உரிமை மாத்திரம் பெற்றவர், வலையிடைமுகம் ஒன்றின் பெயரென்று சொல்லி, வலையோடு தொடர்பற்ற கூற்றையும் ஏற்றுவிக்கும் வழி திறந்திருந்தது. 2011 இல் அத்தகைய பெயர்களுக்குத் தனி முன்னொட்டு விதித்து அதனை அடைத்தனர். கேட்டவர் யாவர், கேட்ட பொருள் யாது என்று வினவாமல் கதவைத் திறக்கும் வேலையாள் வீட்டுக்கு உதவியோ அன்றி ஊறோ என்பதை அவ்வனுபவம் உணர்த்தியது.

சுருங்கக் கூறின், கையால் ஏற்றிய காலத்தின் தொல்லை சார்புப் பிழையாகவும், கேர்ணெல்டி காலத்தின் தொல்லை அழைப்பைக் கேட்பாரின்மையாகவும், ஹொட்பிளக் காலத்தின் தொல்லை அட்டவணை ஒவ்வாமையாகவும், பிற்காலத்தின் தொல்லை கையொப்ப மறுப்பாகவும் இன்றைய கணனியிலே அருகருகே வாழ்கின்றன. முதல்நாடாது கட்டளைகளை மாற்றி மாற்றி இடுபவர், நோயறியாது மருந்திடுவாரை ஒப்பர். பழுது எக்காலத்துப் படியைச் சார்ந்தது என முதலில் வினவுவார்க்கு விடை காணும் வழி குறுகியதாகும்.