வேலியோரத்து விலங்கு: தென்பாண்டி ஊர்களில் பூனையும் அதன் புகலிடமும்

வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்த ஊர். அறுவடை செய்த தானியத்தை அடுத்த போகம் வரை வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டியிருந்த இத்தகைய ஊர்களில்தான் பூனைக்கும் மனிதக் குடியிருப்புக்கும் இடையிலான உறவு வேரூன்றியது. மாட்டுக்குத் தொழுவமும் கோழிக்குக் கூடையும் நாய்க்குத் திண்ணையோரமும் வகுத்த வீடுகள், பூனைக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கியதில்லை. ஆயினும், நெல்லைக் கொட்டிவைக்க மண்ணால் ஆளுயரத்துக்கு எழுப்பிய குலுக்கைக்கும், தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் பரணுக்கும், வைக்கோலை அடுக்கிய படப்புக்கும் இடையே அது எங்கும் இருந்தது. உடையவர் என ஒருவர் இல்லாமலேயே ஒரு விலங்கு தலைமுறை தலைமுறையாக வீட்டு விலங்காக நீடித்த இந்த ஏற்பாட்டை அறியாமல், இன்று விலங்குக் காப்பகங்களின் கூண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்து, பார்க்க வருவோர் எவரையும் கவராமல், மாதக்கணக்கில் புது வீட்டுக்குக் காத்திருக்கும் கூச்சமுள்ள பூனையின் நிலையை விளங்கிக்கொள்ள இயலாது.

மனிதன் பிடித்துவந்து பழக்கிய விலங்குகளின் வரிசையில் பூனையைச் சேர்ப்பது பொருந்தாது. மேற்காசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வேளாண்மை தொடங்கியபோது, களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தொடர்ந்து அப்பகுதியின் காட்டுப் பூனை வந்தது. அதன் வருகையால் நன்மையே விளைந்ததால் மனிதர்கள் அதை விரட்டாமல் விட்டார்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகிலேயே பூனை ஒன்று புதைக்கப்பட்டிருந்ததை அகழாய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மனிதரை அண்டிவந்த அந்த விலங்கின் வழிவந்த இன்றைய வீட்டுப் பூனையும், மனிதப் பழக்கத்தைப் பிறவியிலேயே முழுமையாகக் கொண்டு வருவதில்லை. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான குறுகிய காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மடியில் ஏறும்; அக்காலம் முழுவதையும் படப்பின் அடியிலோ ஓட்டுக்கூரையின் இடுக்கிலோ கழித்த குட்டி, அதே தாயின் வயிற்றில் பிறந்ததாயினும், காலடி ஓசை கேட்டதும் ஓடி ஒளியும். கூச்சம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்து வாரங்களின் விளைவே. தாய் தந்தை வழி வரும் இயல்புக்கும் அதில் பங்கு உண்டு.

தமிழ் இலக்கியத்தில் பழமையான பூனை, வீட்டுக்கு வெளியே நிற்கும் பூனைதான். காட்டுப் பூனையை வெருகு என்று வழங்கிய சங்கப் புலவர்களுள் ஒக்கூர் மாசாத்தியார், குறுந்தொகையின் 139ஆம் பாடலில், மாலைப் பொழுதில் வேலியருகே வெருகு வந்ததை உணர்ந்து, குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுப் பெட்டைக்கோழியைக் காட்டுகிறார். அவரே 220ஆம் பாடலில் முல்லை அரும்புக்கு வெருகின் பல்லை உவமையாக்குகிறார். அஞ்சி விலக வேண்டிய விலங்கின் பல்லைக்கூட அத்தனை அருகில் பார்த்த கண் அது. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப் பூனையின் நடமாட்டம் இன்றும் உண்டு. இங்குள்ள காட்டுப் பூனையும் வீட்டுப் பூனையும் வெவ்வேறு இனங்களே எனினும், வேலியோரம் என்ற எல்லையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன.

பிற்கால மரபில் பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் நம்பிக்கையைப் பெறவில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என வழங்கும் பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில், தவம் செய்பவரைப் போலவே கைகளை உயர்த்தி நிற்கும் பூனையும் அதைச் சூழ்ந்த எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. வஞ்சகத் துறவிக்குப் பூனையை அடையாளமாக்கும் கதை அக்காலத்திலேயே பரவியிருந்தது என்பதற்கு அது கல்லில் உள்ள சான்று. கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மையே ஒப்பிட்டுக்கொண்டார். பால், தயிர்ப் பானைகளைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடும் உறி என்னும் அமைப்பு, பூனை தடையின்றி உள்ளே வந்துபோன வீட்டில்தான் தேவைப்படும். பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அந்த உறவின் இழுபறி கூடுதலாகவே இருந்திருக்கும்.

இதே ஸ்ரீவில்லிபுத்தூர், பூனையைக் குறித்து இந்தியச் சமயச் சிந்தனை கண்ட மிக உயர்ந்த உவமையைப் போற்றும் மரபுக்கும் உரிய ஊராகும். இராமானுசருக்குப் பின் வந்த வைணவ ஆசாரியர்கள், இறைவனிடம் முற்றாக அடைக்கலம் புகுவதாகிய சரணாகதியில் உயிரின் முயற்சிக்கு இடம் உண்டா என்று விவாதித்தபோது, இரண்டு விலங்குகளின் தாய்மையை எடுத்துக்காட்டினர். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியோ எதையும் பற்றுவதில்லை, தாயே அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்கிறது. முன்னது மர்க்கட நியாயம் என்றும் பின்னது மார்ச்சார நியாயம் என்றும் வழங்கின. வேதாந்த தேசிகரைத் தலைமையாகக் கொண்ட வடகலை மரபு முன்னதையும், பிள்ளை லோகாசாரியரின் வழியில் மணவாள மாமுனிகள் (1370–1443) நிலைநிறுத்திய தென்கலை மரபு பின்னதையும் சார்ந்தன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருக்கோயில் தென்கலை மரபைச் சேர்ந்தது.

இந்த உவமையைச் சொன்னவர்கள் பூனையை ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லர் என்பது உறுதி. பிடரியைத் தாய் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, அசைவற்றுத் தளர்ந்துவிடுகிறது; அது சோர்வன்று, தூக்கிச் செல்வதை எளிதாக்கும் உடல் எதிர்வினை என்பதை இன்றைய விலங்கியல் விளக்குகிறது. குட்டி போட்ட பூனை ஓரிடத்தில் தங்காது என்று ஊர்வழக்கு சொல்வதும் உண்மையே. மனித நடமாட்டமோ கடுவன் பூனையின் வருகையோ ஐயத்தைக் கிளப்பினால் தாய் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி மறைவிடத்தை மாற்றும். முயற்சியற்ற சரணாகதிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. ஆனால் அந்த உவமையில் இறைவனின் இடத்தில் நிற்கும் தாய்ப் பூனை, உவமை சொன்ன ஊரின் வீடுகளில் எவருடைய பொறுப்பிலும் இருந்ததில்லை. நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தையைத் தம் மகளாக்கிய பெரியாழ்வாரை வணங்கும் மரபு, வளர்ப்புக்குப் பிறப்பைவிடக் குறைந்த தகுதியை அளிக்கவில்லை. எனினும் அந்த மதிப்பு விலங்குகளை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

பூனையைக் கொல்வது பெரும்பாவம் என்ற நம்பிக்கை பரவலாக இருந்ததால், தேவைக்கு மேல் பெருகிய குட்டிகளையும் பால் திருடும் பூனைகளையும் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அப்பாலோ அடுத்த ஊர்ச் சந்தையிலோ அவிழ்த்துவிடுவதே வழக்கமாயிற்று. கொலைப் பழி நேராமல் பொறுப்பை மட்டும் உதறிவிட இந்த வழக்கம் இடமளித்தது. நன்றாக உண்டு திரிந்த கடுவன் சில வேளை வீடு திரும்பிவிடும். கூச்சமுள்ள பூனை, அறியாத ஊரில் புதரைவிட்டு வெளியே வராமலே பட்டினி கிடந்து மடியும். பூனை எங்கும் பிழைத்துக்கொள்ளும் என்ற பொதுக் கருத்து, திரும்பி வந்தவற்றை மட்டும் கணக்கில் கொண்டு உருவானது.

விலங்குகளுக்கான புகலிடங்கள் இந்தியாவில் புதியவை அல்ல என்றாலும், அவை பூனையை முன்னிட்டு எழவில்லை. வடமேற்கு இந்தியாவில் சமண வணிகர் ஆதரவில் வளர்ந்த பிஞ்சராப்போல் என்னும் அமைப்பு, உழைக்க இயலாத கால்நடைகளை இறுதிவரை வைத்துப் பேணும் இடம். சென்னையில் அது 1906இல் தோன்றியது. விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் கல்கத்தாவில் 1861இலும் பம்பாயில் 1874இலும் அமைக்கப்பட்டபோது, அவற்றின் கவனம் வண்டிக் குதிரைகள் மீதும் பொதி மாடுகள் மீதும் இருந்தது. இலண்டனிலும் இதே வரிசைதான்: 1860இல் மேரி டீல்பி தொடங்கிப் பின்னர் பேட்டர்சீக்கு மாறிய காப்பகம் நாய்களுக்கென்றே ஏற்பட்டது, பூனைகளை அது ஏற்கத் தொடங்கியது 1883இல். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது; அதன்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை மீட்டதிலிருந்து 1959இல் சென்னையில் உருவான புளூ கிராஸ், தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடுவிக்கும் முறையை 1960களிலேயே வலியுறுத்தியது. அம்முறை நாடு முழுமைக்குமான விதிகளாக 2001இல் வந்தபோது, தலைப்பிலேயே நாய்களைக் குறித்தது.

ராஜபாளையத்தை எடுத்துக்கொண்டால் நாய்க்கும் பூனைக்கும் காட்டப்பட்ட இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெண்ணிற வேட்டை நாய்க்கு, விசயநகர காலத்தில் குடிபெயர்ந்துவந்த ராஜு சமூகத்தாரோடு தொடர்புடைய மரபுவழிக் கதையும், 2005இல் வெளியான அஞ்சல் தலையும், கர்னாலில் உள்ள தேசிய நிறுவனத்தின் இனப்பதிவும் உண்டு. அந்நாயும் அயலாரை அண்டவிடாது, வளர்த்தவர் ஒருவரையே சுற்றும். அது அதன் பெருமையாகக் கருதப்படுகிறது. அதே இயல்பு அதே தெருவின் பூனையிடம் இருந்தால் குறையாகிறது. நாயைக் காவலுக்கும் பூனையைக் கொஞ்சுவதற்கும் என்று நகரத்து மனம் பிரித்துக்கொண்டதன் விளைவு இது. குலுக்கை இருந்த காலத்தில் பூனையை எவரும் கொஞ்சும் பொருட்டு வைத்திருக்கவில்லை.

காப்பகத்தில் கூச்சமுள்ள பூனை படும் துன்பம் அளந்து அறியப்பட்டுள்ளது. நெதர்லாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாக வந்த பூனைகளின் கூண்டில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியை வைத்தபோது, பெட்டி கிடைக்காத பூனைகளைவிட அவை விரைவில் அச்சம் தணிந்ததைக் காட்டியது. புதிய வீட்டுக்கும் இதே நெறி பொருந்தும்: முதலில் ஒரே அறை, அதில் மறைவிடம், குறித்த நேரத்தில் உணவு, தூக்க முயலாத பொறுமை. சில பூனைகள் வாரங்களில் வெளியே வரும். சில மாதங்கள் எடுக்கும். சில ஒருபோதும் மடியில் ஏறா. கடைசி வகையைச் சேர்ந்தவற்றுக்கு அமெரிக்கக் காப்பகங்கள் பல, பண்ணைக் களஞ்சியங்களிலும் கிடங்குகளிலும் இடம் தேடித் தருகின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, புதிய இடத்தில் சில வாரங்கள் அடைத்து வைத்துப் பழக்கியபின் அவற்றைத் திறந்துவிடுகிறார்கள். தென்பாண்டி வீட்டின் பழைய ஏற்பாட்டோடு கருத்தடையையும், நாள்தோறும் உணவிடும் ஒருவரின் பொறுப்பையும் சேர்த்ததே அது. நெல் அரவை ஆலைகளும் தேங்காய்க் கிடங்குகளும் உள்ள வத்திராயிருப்பு வட்டாரத்துக்கு இது அயலான யோசனை ஆகாது. எனினும், காட்டையொட்டிய தோப்புகளில் பூனையை விடுவது தகாது. அங்கே அது பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் கேடாகும், சிறுத்தைக்கு இரையாகும், காட்டுப் பூனைக்கு நோயையும் பரப்பக்கூடும்.

சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடும் பழைய வழக்கம் இன்று சட்டப்படி குற்றமாகும். பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறை அக்குற்றத்தைச் செய்பவருக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் இருக்கும்.