டி. பி. ராஜலட்சுமி

டி. பி. ராஜலட்சுமி (1911–1964) நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த தமிழ் நடிகை, பாடகி, எழுத்தாளர், இயக்குநர். தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி இவரே. 'சினிமா ராணி' என்று ரசிகர்களால் அழைக்கப்பட்டார்.

நாடக வாழ்க்கை

தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் பிறந்தார். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கர்ணம். குழந்தைப் பருவத்தில் நடந்த திருமணம் விரைவிலேயே முறிந்தது. தந்தையும் மறைந்தபின், குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு சிறுமியின் மேல் விழுந்தது. தாயுடன் திருச்சிக்கு வந்து சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறுவதை ஊர் ஏசிய காலம் அது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியும் வசனம் பேசியும் வளர்ந்தது அவருடைய குரல். மேடையில் தேசபக்திப் பாடல்களையும் துணிந்து பாடினார்.

திரை வாழ்க்கை

மௌனப் படங்களில் நடிக்கத் தொடங்கிய அவருக்கு, பேசும்படம் வந்ததும் மேடைப் பயிற்சி முழுவதும் கைகொடுத்தது. பின்னணிக் குரல் இல்லாத அந்நாளில் நடிப்பவரே பாடவும் ஆடவும் வேண்டும். பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரித்த 'காளிதாஸ்' படத்தை எச். எம். ரெட்டி இயக்கினார். கதாநாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசிய இப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. 1933இல் 'வள்ளி திருமணம்' அவருக்குப் பெரும் வெற்றி தந்தது. அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்துகொண்டார்.

இயக்குநர்

தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், முதன்மை வேடம் அனைத்தும் அவருடையவை. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற இடம் இப்படத்தால் அவருக்குக் கிடைத்தது.

மதிப்பீடு

நாடகத்தில் பெயர் பெற்ற பலர் பின்னாளில் திரைக்கு வந்தனர். ஆனால் அந்த வழியை முதலில் நடந்து காட்டியவர்களுள் ஒருவர் ராஜலட்சுமி. பிறர் எழுதியதை நடிப்பதோடு நில்லாமல், தம் கதையைத் தாமே படமாக்கியதே அவருடைய தனிச்சிறப்பு. 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டின் பிரதிகளும் இன்று கிடைப்பதில்லை. தமிழ்த் திரை வரலாற்றுக்கு இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.