ஓல்ட் நம்பர் ஒன் வழக்கு

ஓல்ட் நம்பர் ஒன் வழக்கு என்பது, விற்பனைக்கு வந்த பழைய பந்தயத் தானுந்து ஒன்று உண்மையில் புகழ்பெற்ற அந்தத் தானுந்துதானா என்பது குறித்து 1990 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கு ஆகும். பிரான்சின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் தானுந்தே "ஓல்ட் நம்பர் ஒன்" என அழைக்கப்படுகிறது. சேகரிப்பாளர்கள் வாங்கும் பழந்தானுந்துகளின் மெய்த்தன்மை குறித்த விவாதங்களில் இவ்வழக்கின் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தானுந்தின் வரலாறு

ஸ்பீட் சிக்ஸ் என்பது 6.6 லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட எஞ்சின் பொருத்தப்பட்ட பென்ட்லி வகையாகும். பென்ட்லி நிறுவனத்தின் தலைவராக இருந்த வூல்ஃப் பர்னாட்டோ இரு வெற்றிகளின்போதும் இத்தானுந்தை ஓட்டினார். 1929 இல் சர் ஹென்றி பர்கினும், 1930 இல் கிளென் கிட்ஸ்டனும் அவருடைய இணை ஓட்டுநர்களாக இருந்தனர்.

1931 இல் பென்ட்லி நிறுவனம் நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனினும் இத்தானுந்து பந்தயங்களில் தொடர்ந்து பங்கேற்றது. 1932 இல் இதற்கு 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில், சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டி இது வெளியே வீழ்ந்தது. ஓட்டிச் சென்ற கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் பர்னாட்டோவுக்காக மூடிய கூரையுடைய கூப்பே வண்டியாக இது மாற்றியமைக்கப்பட்டது.

வழக்கு

1990 ஏப்ரலில், இத்தானுந்தை அதன் உரிமையாளரிடமிருந்து ஏறத்தாழ 1 கோடி பவுண்டு மதிப்பில் வாங்க மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர், இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அன்று என்று கூறி விலையைச் செலுத்த மறுத்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிடுமாறு உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

வல்லுநர்களின் ஆய்வு வாங்குபவரின் ஐயத்துக்கு வலுச்சேர்ப்பதாகவே தோன்றியது. 1929 ஆம் ஆண்டுத் தானுந்தின் பாகங்கள் என உறுதியாகச் சொல்லக்கூடியவை ஏறக்குறைய எவையுமில்லை. 1930 ஆம் ஆண்டு வடிவத்தில் எஞ்சியவையாகக் கருதப்பட்டவை பெடல் தண்டு, கியர்பெட்டியின் உறை, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே. அடிச்சட்டமும் எஞ்சினும் 1932 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

தீர்ப்பு

நீதியரசர் ஓட்டன் 1990 சூலை 27 அன்று தீர்ப்பளித்தார். வழக்கில் பயன்படுத்தப்பட்ட சொற்களை அவர் தனித்தனியே ஆராய்ந்தார்.

* மூல வடிவம்: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே பாகங்கள் இல்லாததால் இச்சொல் பொருந்தாது.
* மறுகட்டுமானம்: தானுந்து ஒருபோதும் மறைந்துபோகவில்லை. ஆதலால் இச்சொல்லும் பொருந்தாது.
* மெய்யானது: தொடர்ச்சியான வரலாறு இருப்பதால் இச்சொல் பொருந்தும்.

பந்தயத் தானுந்துகளில் பாகங்களை மாற்றுவது வழக்கமானதே. இங்கு புதிய பாகங்கள் சிறிதுசிறிதாகச் சேர்க்கப்பட்டதால், எந்தக் கட்டத்திலும் தானுந்து தன் அடையாளத்தை இழக்கவில்லை என்றும், ஓல்ட் நம்பர் ஒன் என்று உரிமை கோரத்தக்க வேறொரு பென்ட்லி இல்லை என்றும் நீதியரசர் கண்டார். விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமன்று, அதன் வரலாறும் புகழும் சேர்ந்ததே என்பது தீர்ப்பின் சாரமாகும். ஒப்பந்தம் நிறைவேற்றப்பட வேண்டும் என அவர் தீர்ப்பளித்தார்.

சரிபார்ப்பு முறைகள்

இத்தகைய வண்டிகளின் மெய்த்தன்மையை ஆராய்வோர் பொதுவாகப் பின்வருவனவற்றை ஒப்பிடுகின்றனர்.

* அடிச்சட்டம், எஞ்சின், கியர்பெட்டி ஆகியவற்றில் பொறிக்கப்பட்ட எண்களும், தொழிற்சாலைப் பதிவேட்டிலுள்ள எண்களும்
* பதிவுச் சான்றிதழ்கள், விற்பனைச் சீட்டுகள், பழுதுபார்ப்புக் கணக்குகள்
* பந்தய முடிவுப் பட்டியல்களும் அக்கால ஒளிப்படங்களும்

எண்கள் அனைத்தும் பதிவேட்டுடன் ஒத்துப்போகும் வண்டிக்கு விலை மிகுதி. அதனாலேயே எண்களை அராவி நீக்கிப் புதிதாகப் பொறிப்பதும், போலித் தகடுகளைப் பொருத்துவதும் நிகழ்கின்றன. எழுத்துருவின் வடிவம், பொறிப்பின் ஆழம், சுற்றியுள்ள உலோகப் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு இம்மோசடிகளைக் கண்டறிய முயல்கின்றனர். ஆவணம் உண்மையானதாக இருப்பது மட்டும் போதாது. அழிந்துபோன வண்டியின் உண்மையான ஆவணங்களை வேறொரு வண்டிக்கு உரியவையாகக் காட்டவும் முடியும். ஆகவே கைமாறிய வரிசையில் இடைவெளி உள்ளதா, அதே எண்ணுக்கு வேறொரு வண்டி உரிமை கோருகிறதா என்பவை முதன்மையான கேள்விகளாகும்.

முக்கியத்துவம்

பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்னும் தீசியசின் கப்பல் புதிருக்கு நீதிமன்றம் விடைகாண நேர்ந்த அரிய நிகழ்வாக இவ்வழக்கு கருதப்படுகிறது. எனினும் பாகங்களை மாற்றிய எந்த வண்டியும் மெய்யானது என்று இத்தீர்ப்பு கூறவில்லை. வண்டியின் தொடர்ச்சியான வாழ்வு சான்றுகளால் நிறுவப்பட வேண்டும். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவே இங்கு உரிமையாளருக்குத் துணைநின்றது.

இவற்றையும் பார்க்க

* பென்ட்லி
* லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயம்
* தீசியசின் கப்பல்