நீருக்குப் பின் வந்த நிலக்கரி: தாமிரபரணிப் படுகையின் எரிசக்தி வரலாறு

விறகு, நிலக்கரி, எண்ணெய், பிறகு காற்றும் கதிரவனும் என எரிசக்தி வரலாற்றைப் படிப்படியாக அடுக்கிக் காட்டுவது பாடநூல் வழக்கம். பிரிட்டனின் கதைக்கு அது பொருந்தலாம். தாமிரபரணிப் படுகைக்குப் பொருந்தாது. ரயில் எஞ்சினை விட்டுவிட்டுப் பார்த்தால், இங்கே முதலில் பெரிய ஆலையை ஓட்டியதும் பிறகு பேரளவு மின்சாரம் தந்ததும் ஆறுதான். அனல் மின்சாரம் அதற்கு வெகுகாலம் பின்னே, 1979-இல் வந்தது. அது வந்த பிறகும் ஆறு விலகிக்கொள்ளவில்லை.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை அமைக்கப் பாபநாசத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அங்குள்ள நீர்வீழ்ச்சி. லங்காஷயர் ஆலைகளின் நிலக்கரியைக் கப்பலிலும் மாட்டுவண்டியிலும் மலையடிவாரம் வரை கொண்டுவருவதைவிட, மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு விசையாழியைச் சுழற்றுவது மலிவு. அதே ஆறு 1944-இல் பாபநாசம் மின் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) ஆகியவற்றை அடுத்துச் சென்னை மாகாண அரசு அமைத்த பெரிய நீர்மின் நிலையம் இது. இதன் இன்றைய திறன் 32 மெகாவாட்.

இந்த நிலையம் தன் விருப்பப்படி நீரைத் திறந்துவிட முடியாது. கார் சாகுபடிக்கு ஜூன் வாக்கிலும், பிசானத்துக்கு ஐப்பசி மழையை ஒட்டியும் 143 அடி உயரப் பாபநாசம் அணை திறக்கப்படுகிறது. மின் உற்பத்தி வயலின் நாட்காட்டிக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். படுகையின் வயல்களுக்குக் கால்வாய் நீர் தானே இறங்கிப் பாயும். ஆனால் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கமலை இறைத்த இடத்தில் மின்மோட்டார் வந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மோட்டார் மிகுதியாக ஓடுவது கோடையில், அதாவது அணை வற்றிக் கிடக்கும்போது. நிலக்கரியின் வருகையையும் அது பின்னர் நீடித்ததையும் விளக்க இந்த முரணே பெரிதும் உதவும். தொழிற்சாலைத் தேவையை மட்டும் சொல்வது பாதிக் காரணம்.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கியது. தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகள் 1990-களின் தொடக்கத்தில் முழுமை பெற்றன. படுகையில் நிலக்கரி கிடையாது. கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிறது.

காற்றாலையின் கதை வேறு. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கிய சோதனை, பின்னர் முப்பந்தல், கயத்தாறு வட்டாரங்களில் பெருகியது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்று வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றே அணையையும் நிரப்புகிறது, இறக்கைகளையும் சுழற்றுகிறது. ஆகவே காற்றும் நீரும் ஒன்றுக்கொன்று ஈடு என்ற கணிப்பு ஓரளவுக்கே சரி: வடகிழக்குப் பருவமழை அணையை நிரப்பும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நீர் காற்றின் குறையைத் தீர்க்கும். மாசி முதல் சித்திரை வரை இரண்டுமே மெலியும். அந்த இடைவெளியை நிலக்கரியும் பின்னர் அணுவும் நிரப்பின. 1988-இல் ராஜீவ் காந்தி, கோர்பச்சேவ் காலத்தில் ஒப்பந்தமான கூடங்குளத்தில், 2011-12-இல் இடிந்தகரையை மையமாகக் கொண்ட போராட்டத்துக்குப் பின், 2013-இல் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது. அந்த ஓர் அலகின் திறன் 1000 மெகாவாட், முப்பதுக்கும் மேற்பட்ட பாபநாசங்களுக்குச் சமம். கோடைக்கு இயல்பாகவே பொருந்தும் சூரிய மின்சாரம் கடைசியாக வந்தது. அதற்கான தகடுகள் இன்று கங்கைகொண்டானிலேயே தயாராகின்றன.

மின்தொகுப்பின் வரலாற்றை வெப்பத்தின் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. மின்கம்பி வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அடுப்பில் உடைமர விறகும் பனைமட்டையுமே எரிந்தன. சமையல் எரிவாயு பரவலானது இந்த நூற்றாண்டில்தான். வண்ணார்பேட்டை போன்ற ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் சலவைத் தொழிலில் இதைக் கூர்ந்து காணலாம். வெள்ளாவிக்கு விறகு, அலசுவதற்கு ஆறு, உலர்த்துவதற்கு வெயில் என மூன்று ஆற்றல்கள் ஒரே துணியின் மேல் வேலை செய்தன. வீட்டுச் சலவை இயந்திரம் இவற்றில் வெள்ளாவியை ஒழித்தது, வெயிலை ஒழிக்கவில்லை. தேய்ப்பு வண்டியின் பெட்டியில் சிரட்டைக் கரி நீடித்ததற்குப் பழமைப்பற்று காரணமாகாது. தெருவோரத் தள்ளுவண்டிக்கு மின் இணைப்பு இல்லை. கரியை மெல்ல அகற்றிவரும் தேய்ப்புப் பெட்டியும் சிலிண்டர் எரிவாயுவில்தான் சூடாகிறது.