மடியில் வந்தோரும் மண்ணில் பிறந்தோரும்: ஈழ ஏதிலியர் குடியுரிமை

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் தமிழகத்திற்குப் படகேறி வந்த ஈழத்தமிழருள் கைக்குழந்தைகளும் இருந்தனர். 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், கடவுச்சீட்டின்றி வந்தோரைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என வரையறுத்து, பதிவின்வழியும் இயல்புரிமைவழியும் குடியுரிமை பெறும் வாயில்களை அடைத்தது. தாயின் மடியில் வந்த குழவிக்கும் இவ்வரையறை பொருந்துவது பெருங்கொடுமையே. 1987 சூலை 1க்கு முன்னர் இந்தியாவில் பிறந்தோரோ பிறப்பாலேயே குடிமக்களாவர். இவ்விதியைக் கொண்டே, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர்க்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. ஈராண்டு முன்னர்ப் படகில் வந்த குழந்தை அதே முகாமில் வளர்ந்திருப்பினும் அவ்வுரிமைக்கு உரியதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டினரையே கருதியது, இலங்கையர் விடுபட்டனர். 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு 2025இல் நடுவணரசு அளித்தது தண்டனை விலக்கேயன்றிக் குடியுரிமையன்று.